பொகவந்தலாவைக்கு ஏறிய கொடுவா

கொடுவா மீனுக்கு வைத்தியம் பார்க்க இலங்கையின் தேயிலை மலைக்குப் போகிறேன் என்று சொன்னதும் பரங்கிப்பேட்டை மீன் இறங்குதளத்தில் எல்லாரும் சிரித்தார்கள். "கொடுவா எதுக்கு மலை ஏறுச்சு? நேர்த்திக்கடனா?" என்று கேட்டார் ஒரு படகுக்காரர். எனக்கே அது விளங்காமல்தான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன்.

வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மீன்குஞ்சுப் பண்ணையில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். முழுக்க முழுக்கக் கொடுவா. ஞாயிற்றுக்கிழமைகளில் அதே மீனைத் தூண்டிலில் பிடித்துத் திரும்ப ஆற்றில் விடுவது என் பொழுதுபோக்கு. அதைச் சின்னச் சின்ன வீடியோவாக எடுத்துப் போடுவேன். அப்படிப் பழக்கமானவர்தான் ரவிச்சந்திரன். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். நீர்கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்தபோது அங்கே களப்பு என்கிற கடற்கழியில் முதல் கொடுவாவைப் பிடித்திருக்கிறார். அது தண்ணீரை விட்டு எகிறித் தலையை உதறியதைப் பார்த்தவருக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை. ஊருக்குத் திரும்பி, நண்பர்களோடு சேர்ந்து தோட்டத்தில் ஒரு குளம் வெட்டி, கடற்கரையிலிருந்து கொடுவாக் குஞ்சுகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டார். சுற்றுலா வருகிறவர்கள் தேயிலைக்கு நடுவே உட்கார்ந்து கொடுவா பிடிக்க வேண்டும் என்பது அவர் திட்டம்.

எட்டு மாதம் எல்லாம் நன்றாகப் போனது. பொங்கல் கழிந்து ஒரு காலையில் போன் வந்தது.

"அக்கா, ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்குதுங்க. அடியில படுத்தே கெடக்கு. ஒடம்பெல்லாம் கறுத்துப் போச்சு. செத்தும் மெதக்குது. ஏதாச்சும் மருந்து இருந்தா சொல்லுங்க. கொழும்புல இருந்து மொதல் கூட்டம் இந்த மாசக் கடைசியில வாறாங்க."

போனில் மீனுக்கு வைத்தியம் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. விடுப்பு பாக்கி இருந்தது. கிளம்பிவிட்டேன்.

கொடுவாவைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது கடலுக்கும் ஆற்றுக்கும் இடையே வாழ்கிற மீன். ஆற்று முகத்துவாரத்தில், உப்பு ஏறிய தண்ணீரில், அமாவாசை பௌர்ணமியை ஒட்டி முட்டையிடும். குஞ்சுகள் ஏற்றத் தண்ணீரோடு கழிமுகத்துக்குள் வந்து, அலையாத்தி வேர்களுக்கிடையே ஒளிந்து வளரும். அவற்றில் பல ஆற்றை எதிர்த்து நல்ல தண்ணீருக்குப் போய்விடும். சில வருடம் கழித்து முட்டையிடும் வேளைக்கு மறுபடி கீழே இறங்கும். இன்னொரு விசேஷம், எல்லாக் கொடுவாவும் ஆணாகத்தான் முதலில் பருவமடையும். பெரிதான பிறகுதான் பெண்ணாக மாறும். அதனால் பெரிய மீன் மாட்டினால் நான் விட்டுவிடுவேன். அநேகமாக அது தாய் மீன்.

கொழும்பிலிருந்து மலை ஏறும் ரயிலில் ஹட்டன் வரை நின்றுகொண்டே போனேன். ஜன்னல் ஓரத்தை வெளிநாட்டுப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வட்டவளை தாண்டியதும் மூடுபனி பெட்டிக்குள்ளேயே வந்தது. பரங்கிப்பேட்டையில் தை மாதம் என்றால் காலையில் ஒரு துண்டைப் போர்த்தினால் போதும். அந்த நினைப்பில் ஒரு பருத்திச் சேலையோடு வந்திருந்தேன்.

ஹட்டனில் பொகவந்தலாவை பஸ் ஏறினேன். பாதை வளைந்து வளைந்து போனது. ஒவ்வொரு வளைவிலும் ஹார்ன். பாட்டுச் சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவது கேட்கவில்லை. நோர்வூட்டில் பாதிக் கூட்டம் இறங்கியது. என்னுடைய கறுப்புப் பையும் யாரோ ஒருவரோடு இறங்கிவிட்டது என்பது அடுத்த இரண்டு வளைவுகளுக்குப் பிறகுதான் தெரிந்தது. அதே மாதிரி இன்னொரு கறுப்புப் பை என் காலடியில் இருந்தது. திறந்து பார்த்தால் பள்ளிக்கூட ஷூக்களும் ஒரு பெரிய கேக்கும்.

கண்டக்டர் சிங்களவர். நான் அழாத குறையாகச் சொன்னதைப் பக்கத்திலிருந்த பெண் மொழிபெயர்த்தார். கண்டக்டர் பதறவில்லை. நோர்வூட்டில் ஒரு கடைக்குப் போன் போட்டார். "கேக்கைத் தொலைத்தவன் இன்றைக்குள் தானே தேடி வருவான், நாளைக்கு முதல் பஸ்ஸில் உங்கள் பை வரும்" என்றாராம். கேக்கை மடியில் வைத்துக்கொண்டு பத்திரமாகக் கொண்டுபோய் அவரிடமே ஒப்படைத்தேன். என் தண்ணீர்ப் பரிசோதனைப் பெட்டி, வெப்பமானி, மாற்றுத் துணி எல்லாம் அந்தப் பையில்.

பஸ் நிறுத்தத்தில் ரவி காத்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். வீடியோவில் பேசும்போது இருந்த சிரிப்பு முகத்தில் இல்லை. அவர் மனைவி சாந்தி கூடவே நின்றார். என்னைப் பார்த்ததும் அவர் செய்த முதல் காரியம், தான் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றி என் கையில் கொடுத்தது.

"போட்டுக்கங்கக்கா. வெறைச்சுப் போவீங்க."

"உங்களுக்கு?"

"நாங்க விடிஞ்சதுல இருந்து மழையில கொழுந்து பறிக்கிறவங்க. எங்களுக்கு என்ன."

லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளுக்குக் கீழே, பழைய காய்கறித் தோட்டத்தில் குளம் இருந்தது. நன்றாக வெட்டியிருந்தார்கள். கரைக்குக் கல் அடுக்கி, ஓடையிலிருந்து குழாய் போட்டு, உட்கார்ந்து தூண்டில் போடத் தகரக் கூரையோடு ஒரு மேடையும் கட்டியிருந்தார்கள். சுற்றி எங்கே பார்த்தாலும் தேயிலை. அத்தனை அழகான இடத்தில் நான் தூண்டில் போட்டதில்லை.

குனிந்து கையைத் தண்ணீரில் விட்டேன். முழங்கை வரை சில்லிட்டது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வெப்பமானி நோர்வூட்டில் இருக்கிறதே என்ற சாக்கில் வாயைத் திறக்கவில்லை.

"எப்படிக்கா இருக்கு? மருந்து போட்டா சரியாகிடுமா?" என்று கேட்டார் ரவி.

"காலையில பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

சாயங்காலம் சாந்தி ரொட்டி சுட்டார். தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்த தடித்த ரொட்டி, மாசிக் கருவாட்டுச் சம்பல், பருப்பு. எங்கள் ஊரில் கருவாடு காய வைக்கிற இடத்திலேயே பிறந்தவள் நான். மாசியை இப்படி இடித்து உறைப்பாகச் சாப்பிட்டது இங்கேதான். மூன்று ரொட்டி உள்ளே போனது. கூடவே இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணி. சாப்பிட்டுக்கொண்டே சாந்தி மீனைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார். ஆண் பெண் விவகாரத்தைச் சொன்னதும் அவர் கை நின்றுவிட்டது.

"அப்ப எங்க குளத்துல இருக்கிறதுல பொம்பள எத்தன?"

"ஒண்ணும் இருக்காது. எல்லாம் இள மீனு. ஆம்பளைதான்."

"அதான் குளிர் தாங்கல" என்றார் சாந்தி. நான் சிரித்துவிட்டேன். ரவி சிரிக்கவில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பை வந்தது. பையோடு ஒரு துண்டு கேக்கும் பேப்பரில் சுற்றி வந்திருந்தது. அனுப்பியவர் யாரென்று கடைசி வரை தெரியவில்லை.

வெப்பமானியைக் கயிற்றில் கட்டிக் குளத்தின் அடி வரை இறக்கினேன். பதினான்கு டிகிரி. காற்றில் இன்னும் குறைவு. கொடுவாவுக்கு இருபத்தெட்டு என்றால் சொகுசு. இருபதுக்குக் கீழே போனால் தீனி எடுக்காது. பதினைந்துக்குக் கீழே பல நாள் இருந்தால் மெல்ல மெல்லச் செத்துப்போகும். உடம்பு கறுத்தது நோயால் இல்லை, குளிரால். மற்றப் பரிசோதனைகளையும் செய்தேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி சுத்தம்.

கரையில் மூன்று மீன் செத்து ஒதுங்கியிருந்தன. ஒவ்வொன்றும் முழங்கை நீளம். ரவி அவற்றை எடுத்துக் கல்லின் மேல் வரிசையாக வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மருந்து கெடையாது ரவி" என்றேன். "இது சீக்கு இல்ல. இந்த எடத்துக் குளிர் இதுக்கு ஒத்துக்காது. இங்க வச்சிருந்தா தை முடியறதுக்குள்ள ஒண்ணு மிஞ்சாது."

"அப்படிச் சொல்லாதீங்க. நல்ல தண்ணியிலயும் வளரும்னு குஞ்சு குடுத்தவரு சொன்னாரு."

"அவர் சொன்னது சரிதான். நல்ல தண்ணியில வளரும். நல்ல தண்ணி வேற, மலைத் தண்ணி வேற."

"சித்திரையில விட்டப்ப எப்படி ஓடுச்சுங்க தெரியுமா? கைய விட்டா கடிக்க வரும்."

"அப்ப வெயில். இப்ப தை."

அவருக்குக் கோபம் வந்தது. என் மேல் வரவில்லை, குளத்தின் மேல் வந்தது போலிருந்தது. ஒரு கல்லை எடுத்துத் தண்ணீரில் எறிந்தார். ஒரு மீன்கூட அசையவில்லை. அதைப் பார்த்ததும் அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இந்தக் குளத்த வெட்டினவங்க எல்லாரும் என்னோட படிச்சவங்க. ஞாயித்துக்கெழம கூட வேலை செஞ்சாங்க. கொழும்புக்குப் போயி கடையில நிக்கிறதுக்குப் பதிலா இங்கயே ஏதாச்சும் செய்யலாம்னு நான்தான் கூப்பிட்டேன். அவங்கள்ட்ட என்னன்னு சொல்லுவேன்?"

பண்ணையில் தொட்டி தொட்டியாக மீன் செத்து நானும் பார்த்திருக்கிறேன். அப்போது யாராவது ஆறுதல் சொன்னால் எரிச்சல்தான் வரும். அதனால் கயிற்றிலிருந்து வெப்பமானியை அவிழ்த்தேன்.

அன்றைக்குப் பெரட்டு என்கிற காலை ஆள்கணக்குக்குப் போகாமல் எங்களோடு நின்றிருந்த சாந்திதான் கேட்டார். "இங்க சாகும். எங்க இருந்தா சாகாது?"

"கீழ. சூடான எடத்துல."

"எவ்வளவு கீழ?"

"உங்க ஊருல விசிறி போட்டாத்தான் தூக்கம் வரும்னு சொல்ற எடம் எது?"

இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்: "பொல்பிட்டிய."

கினிகத்தேனைக்குக் கீழே, மின்சார நிலையம் இருக்கிற பக்கம் அது. ரவியின் கூட்டாளி சோமபால அங்கே இருக்கிறார். நுவரெலியாவிலிருந்து காய்கறி ஏற்றுகிற லொறி அவருடையது. செங்கல்லுக்கு மண் எடுத்த பள்ளம் ஒன்று அவர் வீட்டுக்குப் பின்னால் குளமாகக் கிடக்கிறதாம். ரவி தயங்கித் தயங்கிப் போன் பண்ணினார். சோமபால கேட்டது ஒரே கேள்வி. ரவி அதைச் சொல்லிக் காட்டினார்: "எத்தனை பீப்பாய் வேணும்?"

ஆற்றில் விட்டால் என்ன என்று நண்பர்களில் ஒருவர் கேட்டார். வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன். கொடுவா சும்மா இருக்கிற மீன் இல்லை. தன் உடம்பில் பாதி நீளமுள்ள மீனையும் விழுங்கப் பார்க்கும். பண்ணையில் பொரித்த மீனைக் கண்ட ஆற்றில் கொட்டினால் அங்கே இருப்பவை என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது.

செத்த மூன்று மீனையும் சாந்தி வீணாக்கவில்லை. கொறுக்காய்ப்புளி என்கிற குடம்புளி போட்டுக் குழம்பு வைத்தார். மலைக் குளிரில் சுடச்சுடக் கொடுவாக் குழம்பு. ருசியாகவே இருந்தது. ரவி சம்பலோடு நிறுத்திக்கொண்டார்.

அடுத்த நாள் வெயில் ஏறுவதற்குள் சோமபாலவின் லொறி வந்தது. பின்னால் பெரிய நீலப் பீப்பாய்கள். சோமபால பருத்த மனிதர், தமிழ் கொஞ்சம் தெரியும். என்னைப் பார்த்து "மீன் டொக்டர்?" என்று கேட்டுக் கும்பிட்டார்.

வலையை இழுத்து மீனை அள்ளுவது சுலபமாக முடிந்தது. குளிரில் மரத்துக் கிடந்ததால் அவை துள்ளவே இல்லை. செவுள் மூடி மட்டும் கத்தி மாதிரி. தெரியாமல் பிடித்த ஒரு நண்பரின் உள்ளங்கை கிழிந்தது. எங்கள் ஊரில் தூண்டில் நரம்பையே அந்தச் செவுளால் அறுத்துக்கொண்டு போய்விடும். ஈரச் சாக்கில் ஏந்தித் தூக்கச் சொன்னேன். மீன்களை நான் எண்ணவில்லை. ரவி எண்ணினார். எவ்வளவு என்று யாரிடமும் சொல்லவில்லை.

புறப்படும்போது லொறியின் பின்பக்கம் நானும் ரவியும் சாந்தியும் ஏறிக்கொண்டோம். காற்றடிக்கும் சின்ன மோட்டார் ஒன்று, லொறியின் பழைய பேட்டரியில் ஓடியது.

ஹட்டன் வரை கவலையே இல்லை. அதே உயரம், அதே குளிர். குளிர்ந்த மீனுக்கு மூச்சுத் தேவை குறைவு. ஹட்டனைத் தாண்டி இறக்கம் தொடங்கியதும்தான் சிக்கல். கீழே போகப் போகத் தண்ணீர் சூடாகும், மீன் விழித்துக்கொள்ளும், விழித்த மீன் அதிகக் காற்றுக் கேட்கும். அதே நேரம் சூடான தண்ணீரில் காற்று குறைவாகத்தான் தங்கும். வழியில் ஓடைகளில் நிறுத்தி வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றினோம். வட்டவளை தாண்டியபோது தண்ணீர் பத்தொன்பது டிகிரி. ஒரு மீன் முதல்முறையாக வாலை அடித்தது. ரவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதற்கு அப்புறம் ஒரு வளைவில் லொறி நின்றது. முன்னால் பெரிய மரம் ஒன்று பாதைக்குக் குறுக்கே விழுந்திருந்தது. இரண்டு பக்கமும் வாகனங்கள். எங்களுக்குப் பின்னால் ஒரு பஸ் நிறையச் சனம். மரம் அறுக்கும் வாள் கொண்டுவர ஆள் போயிருக்கிறது என்றார்கள். வெயில் நேரே லொறிக்குள் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் காற்று மோட்டார் முனகி நின்றது. பேட்டரி தீர்ந்துவிட்டது.

இரண்டு நிமிடம் கூட ஆகியிருக்காது, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடத் தொடங்கின.

"தண்ணிய மொண்டு ஒசரத்துல இருந்து ஊத்துங்க" என்றேன். "நுரை வரணும். நிறுத்தாதீங்க."

மூன்று பேர் ஊற்றினோம். பீப்பாய்கள் அதைவிட அதிகம். ஒன்றைக் கவனித்தால் இன்னொன்றில் மீன் கவிழ்ந்தது. சாந்தி சட்டென்று லொறியிலிருந்து குதித்துப் பஸ்ஸை நோக்கி ஓடினார். தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறி என்னவோ கத்தினார்.

முதலில் வந்தது அந்தப் பஸ்ஸின் கண்டக்டர். பீப்பாயை எட்டிப் பார்த்து "மோதாவா!" என்றார். சிங்களத்தில் கொடுவாவுக்கு அதுதான் பெயர். பிறகு அவர் சொன்னதற்கு எல்லாரும் சிரித்தார்கள். ரவியும் ஊற்றிக்கொண்டே சிரித்துவிட்டார். சிங்களத்தில் முட்டாளை மோடயா என்பார்களாம். "மோதாவை மலைக்குக் கொண்டுவந்த மோடயா யார்?" என்று கேட்டிருக்கிறார். ரவி கையைத் தூக்கினார்.

கண்டக்டர் ஒரு வாளியை எடுத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். வேலைக்குப் போகிற இரண்டு பெண்கள் சாப்பாட்டுப் பெட்டியைக் காலி செய்து அதால் மொண்டு ஊற்றினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர், கையில் பெரிய கட்டு, மற்றக் கையால் குவளை பிடித்தார். ஒரு பிக்கு இறங்கி வந்து சற்று நேரம் பார்த்தார். தன் குடையை விரித்து ஒரு பீப்பாய்க்கு நிழல் பிடிக்கச் சொல்லி ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். யார் மீன், எங்கே போகிறது, எதற்கு என்று ஒருவரும் முதலில் கேட்கவில்லை. கை ஓய்ந்த பிறகுதான் கேட்டார்கள். ரவி சொல்லிச் சொல்லிக் களைத்தார்.

வாள் வந்து மரம் அறுபடும்வரை அந்த ஊற்றல் நிற்கவில்லை. கண்டக்டர் பஸ்ஸுக்கு ஓடும்போது ரவியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். நான் வெப்பமானியைப் பார்த்தேன். இருபத்திரண்டு. நாலைந்து மீன் போய்விட்டன. மற்றவை நிமிர்ந்து நின்றன.

பொல்பிட்டியவில் இறங்கியதும் வியர்த்தது. சாந்தியின் ஸ்வெட்டரை அப்போதுதான் கழற்றினேன். பாக்கு மரங்களுக்கும் பலா மரங்களுக்கும் நடுவே சோமபாலவின் வீடு. பின்னால் பழுப்புத் தண்ணீரோடு குளம். இருபத்தேழு டிகிரி. நான் வெப்பமானியை ரவியிடம் நீட்டினேன்.

குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பீப்பாய்களில் கலந்துகொண்டிருந்தபோது சோமபாலவின் மனைவி குசுமா வந்தார். கணவரிடம் ஏதோ கேட்டார். சோமபால தலையைச் சொறிந்தார். குசுமாவின் குரல் உயர்ந்தது. சோமபால ரவியைப் பார்த்தார், ரவி தரையைப் பார்த்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சாந்தி என் காதருகே மெல்லச் சொன்னார்.

"மீன் வளக்கிறதுக்குன்னு மட்டுந்தான் அவரு சொல்லியிருக்காரு. தூண்டில் வெளையாட்டப் பத்தி இப்பத்தான் இவங்களுக்குத் தெரியுது."

குசுமா இப்போது ரவியை நேராகப் பார்த்துப் பேசினார். சத்தம் போடவில்லை. சாந்தி வரி வரியாகச் சொன்னார்.

"சாப்பிடப் புடிக்கிறதுன்னா புடிங்க, நாங்களும் மீன் சாப்பிடுறோம்கிறாங்க. ஆனா வாயில கொக்கி மாட்டி, இழுத்து, போட்டோ எடுத்து, திரும்ப விட்டு, நாளைக்கு அதே மீனுக்கு மறுபடி கொக்கி மாட்டுறது இந்த வீட்டுக் குளத்துல கூடாதாம். சம்மதம்னா எறக்குங்க, இல்லன்னா மன்னிச்சுக்கங்கன்றாங்க."

எனக்கு இதற்குப் பதில் உண்டு. எத்தனையோ முறை வீடியோவில் சொல்லியிருக்கிறேன். முள் நீக்கிய கொக்கி, ஈரக் கை, நாம் மூச்சுப் பிடிக்கும் நேரத்துக்கு மேல் தண்ணீருக்கு வெளியே வைக்கக் கூடாது, பிடித்து விடுகிறவன்தான் அந்த மீனைக் காப்பாற்றவும் பாடுபடுவான் என்றெல்லாம். எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தபோது சொல்லத் தோன்றவில்லை. அவர் கேட்டது மீன் பிழைக்குமா என்பதை அல்ல. மீனிடம் விளையாட நீ யார் என்று கேட்டார்.

ரவி சாந்தியைப் பார்த்தார்.

"என்னைப் பாக்காதீங்க" என்றார் சாந்தி. "நீங்கதான் சொல்லணும்."

பீப்பாய்களில் மீன்கள் மறுபடி மேலே வரத் தொடங்கியிருந்தன. ரவி அந்தக் குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஒரு முறை பார்த்தார். தூண்டில் போட எந்த இடம் தோதென்று பார்க்கிறாரோ என்று நினைத்தேன். பிறகு குசுமாவிடம் சிங்களத்தில் இரண்டே வார்த்தை சொன்னார். "ஹரி அக்கே." சரி அக்கா.

எங்களிடம் திரும்பி, "எறக்குவோம்" என்றார்.

பீப்பாயைச் சாய்த்து மெல்ல விட்டோம். ஒவ்வொன்றும் கரையோரம் சற்று நின்று, செவுளை இரண்டு மூன்று தடவை அடித்து, பழுப்புத் தண்ணீருக்குள் மறைந்தது. கடைசி மீன் போன பிறகும் ரவி இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டே இருந்தார். சோமபால ஏறி வரச் சொல்லிக் கை கொடுத்தார்.

நான் ஊருக்குத் திரும்பியிருக்கலாம். தீனி எடுக்கிறதா என்று தெரியாமல் போக மனம் வரவில்லை. குசுமாவும் விடவில்லை. மறுநாள் பலாக்காய்க் கறியும் சோறும், அதற்கடுத்த நாள் கிரிபத் என்கிற பால்சோறும் லுணுமிரிஸ் என்கிற மிளகாய்ச் சம்பலும். நம் ஊர்ப் பொங்கலை உப்புப் போட்டு இறுக்கித் துண்டு போட்டது போலிருந்தது. எனக்கும் குசுமாவுக்கும் பொதுவான மொழி இல்லை. பாத்திரம் கழுவும்போது ஒருவர் தேய்த்து ஒருவர் அலசினோம். அதற்குப் பேச்சுத் தேவைப்படவில்லை. ரவியின் நண்பர்கள் பஸ் பிடித்து வந்து குளத்தைச் சுற்றி நடந்தார்கள். மலையில் இருக்கிற குளத்தில் கெண்டை விடலாமா என்று ஒருவர் கேட்டார். அது குளிர் தாங்கும் என்றேன். உடனே மேடையை எந்தப் பக்கம் நீட்டலாம் என்று அவர்களுக்குள் சண்டை பிடிக்கத் தொடங்கினார்கள்.

கொடுவா மட்டும் சாப்பிடவில்லை. ரவி காலை மாலை சின்ன மீன்களை வீசிப் பார்த்தார். இரை மிதந்து கரை ஒதுங்கியது.

மூன்றாம் நாள் காலை நாங்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். கொழும்பிலிருந்து போன் வந்தது. வருவதாகச் சொன்ன கூட்டத்தின் தலைவர், தமிழர். ரவி எழுந்து குளக்கரைக்குப் போய் நின்று பேசினார். குசுமா மீன் கழுவிய சட்டியோடு அந்தப் பக்கம் போய், மிச்சமிருந்த குஞ்சு மீன்களைக் குளத்தில் விசிறினார்.

"ஆமா சார், பொகவந்தலாவையில இல்ல, இப்ப பொல்பிட்டியவில. மீன் நல்லா இருக்கு சார். உசுரோட இருக்கு... இல்ல சார், புடிக்க முடியாது. தூண்டில் வேணாம். பாக்கலாம். சாப்பிடுறதப் பாக்கலாம்... அதப் பாக்க எதுக்கு வரணுமா?"

ரவி போனைக் காதில் வைத்தபடி நின்றார்.

அப்போதுதான் தண்ணீர் அடித்தது. இரண்டு பலகையைச் சேர்த்து அறைந்தது போல ஒரு சத்தம். கொடுவா மேல் தண்ணீரில் இரையை உறிஞ்சி வாயை மூடுகிற சத்தம் அது. குசுமா பயந்து சட்டியைக் கீழே போட்டார். பிறகு சிரித்துக்கொண்டே குனிந்து, சிதறிய மீன்களைப் பொறுக்கி இன்னொரு கை விசிறினார். இந்தத் தடவை மூன்று நான்கு இடத்தில் ஒரே நேரத்தில் தண்ணீர் வெடித்தது. வெள்ளி வயிறு ஒன்று முழுதாக வெளியே வந்து விழுந்தது. சாந்தி தேத்தண்ணிக் கோப்பையோடு ஓடினார்.

ரவி போனைக் குளத்தின் பக்கம் நீட்டிப் பிடித்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி காதில் வைத்தார்.

"கேட்டுச்சா சார்?" என்றார். "இதுக்குத்தான் சார் வரச் சொல்றேன்."